புதுக்கோட்டைச் சுற்று: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை சைக்கிளில் போவது ஒரு நாளிலா, இரண்டு நாளிலா?

#1 செம்மண்பாதை

வணக்கம். திருச்சியில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். போன தை மாதம் ஒரு சனி, ஞாயிறு புதுக்கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். வழி கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் புதுக்கோட்டையில் கிளம்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை பார்த்துவிட்டுத் திரும்பவும் புதுக்கோட்டை. என் மீட்டரில் 65 கி.மீ. சொச்சம் காட்டியது. இரண்டாம் நாள் இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர், விராலிமலை, அப்புறம் வீடு.

மலையேற்றம் என்று எதுவும் கிடையாது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி தட்டையான தரையும் இல்லை. ஒரு செம்மண் மேடு, இறங்கினால் கண்மாய், கரைமேல் ஏறும் ரோடு, மறுபடி மேடு, தைலமரக் காடு, வானத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பாறைக்குன்று. இப்படியே போய்க்கொண்டிருக்கும். எந்த ஏற்றமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளாது, எந்த இறக்கமும் அதற்கு மேல் கொடுத்து வைக்காது. நாள் முழுக்கக் கியர் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். எனக்கு இந்த மாதிரி ரோடு மிகவும் பிடிக்கும்.

விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். திருச்சி ரோட்டில் லாரிகள் அதிகம், அந்தப் பகுதியை இருட்டு விலகியதும் முடித்துவிடுவது நல்லது. இடது பக்கம் நார்த்தாமலைக்குத் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும். சைக்கிளை ஊருக்குள் ஒரு டீக்கடையில் சொல்லி நிறுத்திவிட்டு மேலமலைக்கு நடந்தேன். பாறைச் சரிவில் ஏறி ஒரு வளைவு திரும்பியதும் விஜயாலய சோழீஸ்வரம். மேற்குப் பார்த்த கோயில். காலை வெயில் அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றி எட்டுச் சிறு கோயில்கள் இருந்தனவாம், ஆறு நிற்கின்றன. எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள். அவற்றில் ஒன்றில் பன்னிரண்டு விஷ்ணு, ஆள் உயரத்துக்கு, வரிசையாக, ஒரே மாதிரி. அங்கே நானும் நாலைந்து மயில்களும் மட்டும்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுத நினைத்த விஷயமே இதுதான். இந்த நான்கைந்து இடங்களையும் காரில் அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். சைக்கிளில் போனால் குன்று தெரிந்ததிலிருந்து அதன் அடிவாரம் சேர அரை மணி ஆகிறது. அந்த அரை மணியும் கண் அதன்மேலேயே இருக்கிறது. ஏன் இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள், தண்ணீர் எங்கே இருந்தது, வழி எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிய ஆரம்பிக்கிறது. அதனால் ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து.


#2 காவிரிக்கரை

நல்ல பதிவு. ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பிரெவே, அதாவது நீண்ட தூரத்தை நேர வரம்புக்குள் முடிக்கும் சவாரி, ஓட்டுகிறவன். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். திருச்சியிலிருந்து கிளம்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் வரை போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். நான் ஓட்டியிருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் நின்றேன். எல்லோருக்கும் இரண்டு நாள் விடுமுறை கிடைப்பதில்லை. குழந்தையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. அந்த ஒரு நாளில் அவ்வளவையும் பார்க்க முடிகிறது என்றால் அதைக் குறைவாகச் சொல்லக் கூடாது.

திருமயத்தையும் விட்டுவிட்டீர்கள். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கிப் பக்கத்தில் நின்றால் நாம் ஓட்டிவந்த மேடு பள்ளம் எல்லாம் பாய் விரித்தது போலத் தெரியும். அடிவாரத்தில் பெருமாளுக்கும் சிவனுக்கும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைவரைகள்.


#3 செம்மண்பாதை

திருமயத்தை வேண்டுமென்று விடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து தெற்கே இருபது கி.மீ., இந்தச் சுற்றோடு சேராது. அதைக் காரைக்குடி பக்கத்தோடு சேர்த்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், நேரம் எல்லோருக்கும் ஒன்று போல் இல்லை. நான் கேட்பது இதுதான்: ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான்கு இடத்தில் கால் மணி நேரத்துக்குப் பதிலாக ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன? மீதி மூன்றும் அடுத்த ஞாயிறு அங்கேயேதான் இருக்கும்.


#4 முள்ளும்_பஞ்சரும்

டயர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ரோட்டை விட்டு ஓரடி இறங்கினாலும் சீமைக்கருவேல முள்தான். லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினீர்கள் என்றால் டயர் கையோடு முள்ளை வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறும். முதல் தடவை 25 மி.மீ. டயரில் போய் அன்னவாசல் தாண்டுவதற்குள் மூன்று பஞ்சர். மூன்றாவதுக்கு ஒட்டு தீர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் தன் சைக்கிள் கடையில் பழைய டியூபை வெட்டி ஒட்டுப் போட்டு அனுப்பினார், காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது 32 மி.மீ., உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம். டியூப் போடுகிறவர்கள் இரண்டு டியூப், ஒரு ஒட்டுப் பெட்டி, சின்ன பம்ப் கட்டாயம் வையுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு குப்பியை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு பஞ்சரில் அது காலி. முள்ளைப் பிடுங்கியதும் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், புது டியூபையும் ஐந்தே நிமிடத்தில் ஓட்டை போட்டுவிடும். எனக்கு மூன்று பஞ்சர் ஆன காரணமே அதுதான். முள் ஒன்றுதான்.

பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ போடுகிறவர்கள் ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பும் எடுத்துப் போங்கள். சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போகும் பாறையில் கிளீட்டோடு ஏறிச் சறுக்கி முழங்கை கிழிந்தது எனக்கு. கோயிலில் செருப்பும் கிடையாது. பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. கார்த்திகை, மார்கழி மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் தை, மாசிதான் சரியான காலம். வாடைக்காற்று அடிக்கும் என்பதால் வடக்கே போக வேண்டிய நார்த்தாமலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். செம்மண்பாதை போட்ட வரிசை அந்த வகையிலும் சரி. ஆடியில் போனால் காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது கொடும்பாளூரில் தொடங்கிக் கிழக்கே ஓட்டுங்கள், தள்ளிக்கொண்டே போகும்.


#5 அன்னவாசல்காரி

எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் கோயில், குகை என்று எழுதுகிறீர்கள். சைக்கிள் மன்றத்தில் புதுக்கோட்டையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வரலாறும் பேசப்பட வேண்டும். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வயலுக்குப் போகிறவர், கல் உடைக்கிறவர், ஆயா, நர்ஸ், டீச்சர் எல்லோரும். அவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் கைக்குழந்தை. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்களாம். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார்களாம். ஊரில் பேசாத பேச்சு இல்லை. தாத்தா இரண்டு மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா விடவில்லை. அதற்கு முன் தண்ணீருக்கு ஒரு நடை, சந்தைக்கு ஒரு நடை, சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை, எங்கே போவதானாலும் பஸ்ஸுக்கோ ஓர் ஆம்பளைக்கோ காத்திருக்க வேண்டும். சைக்கிள் வந்த பிறகு முன்பாரில் என்னை உட்கார வைத்து, பின் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். லேடீஸ் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னபோது வேண்டாம், பார் வைத்த சைக்கிள்தான் வேண்டும், பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டாராம்.

சித்தன்னவாசலை நான் முதலில் பார்த்தது அந்தப் பாரில் உட்கார்ந்துதான். எங்கள் ஊரிலிருந்து மூன்று நான்கு கி.மீ. தூரம். அம்மா குகைக்குள் கூட்டிப்போய் மேலே பார் என்றார். தாமரைக் குளம். பூப்பறிக்கிறவர்கள், யானை, மீன், பறவை. எங்கள் கண்மாயைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று சொன்னார். நான் பல வருடம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஓட்டிப்போகும் அந்த ரோட்டில் அதிகாலையில் எதிரே சைக்கிளில் ஒரு வயதான அம்மா வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். உங்களுக்கு முன்பே அந்த ரோட்டை ஓட்டியவர்.


#6 கல்லெழுத்து

அன்னவாசல்காரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கல்வெட்டு படிக்கிறவன் நான். நீங்கள் சொன்னதோடு சேர்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

நார்த்தாமலையில் செம்மண்பாதை பார்த்த இரண்டு குகைகளில் சின்னது பழியிலி ஈச்சுரம். அதைக் குடைவித்தவர் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குலத் தலைவர். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. குகை அவருடையது. முன்மண்டபமும் நந்தியும் அவர் மகள் பழியிலி சிறியநங்கை செய்வித்தவை. பெயரோடு கல்லில் இருக்கிறது. அப்பன் குடைந்து விட்டதை மகள் முடித்திருக்கிறாள். குடுமியான்மலையிலும் ஒரு தேவரடியார் எடுப்பித்த அம்மன் சன்னதி உண்டு.

விஜயாலய சோழீஸ்வரம் என்ற பெயரை வைத்துச் சோழ மன்னன் விஜயாலயன் கட்டியது என்று பலர் எழுதுகிறார்கள். வாசலில் உள்ள கல்வெட்டு வேறு சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டியதாகவும், மழையில் சேதமானதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகவும் அதில் இருக்கிறது. அந்த வெட்டவெளிப் பாறையில் ஐப்பசி மழையில் ஒரு தடவை நின்று பாருங்கள், மழை கோயிலைச் சிதைத்தது என்ற வரி எவ்வளவு உண்மை என்று தெரியும்.

அப்புறம் சித்தன்னவாசல். குகைக்கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அது அறிவர் கோயில், சமணர்களுடையது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது, அதுவும் ஒன்பதாம் நூற்றாண்டுதான். ஏழடிப்பட்டம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. குன்றின் மேலேறி மறுபக்கம் இறங்க வேண்டும், பாறையில் கால் வைக்க ஏழு குழி வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். உள்ளே 17 கற்படுக்கை, தலையணை மாதிரி மேடு செதுக்கி, தேய்த்து வழவழப்பாக்கியவை. பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து: எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை. மைசூர்ப் பக்கத்தைத்தான் எருமைநாடு என்பார்கள். அங்கிருந்து நடந்தே வந்தவர் அந்தப் படுக்கையில் படுத்திருக்கிறார். கால் வலிக்க ஏறிப் போய் அதன் பக்கத்தில் உட்காரும்போது அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைத் தேடாமல் வந்துவிடாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சுவரில் இருக்கிறது. கிரந்த எழுத்தில் ஏழு பகுதியாகச் சுரங்கள். ருத்ராச்சாரியாரின் மாணவனான ஒரு சைவ அரசன் செய்வித்தது. கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி: எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய. எட்டுத் தந்தி வீணைக்கும் ஏழு தந்தி வீணைக்கும் பொருந்தும் என்று வாசிக்கிறவருக்கு விட்டுச்சென்ற குறிப்பு. திருமயத்திலும் இதைச் சேர்ந்த எழுத்துகள் உண்டு. காவிரிக்கரை அவர்கள் அடுத்த தடவை அங்கே போகும்போது குடைவரைச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


#7 புதுசா_ஓட்டுறேன்

எல்லோருக்கும் வணக்கம். நான் சைக்கிள் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஹைப்ரிட் சைக்கிள். இதுவரை அதிகபட்சம் 40 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். என்னால் இந்த 65ஐ முடிக்க முடியுமா? தனியாக வரலாமா? தண்ணீர் கிடைக்குமா? கல்லெழுத்து சொன்ன இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருக்கிறது.


#8 செம்மண்பாதை

முடியும். ஆனால் முழுச் சுற்றும் வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து நேராகச் சித்தன்னவாசல், அதே வழியில் திரும்பி வந்தால் 30, 35 கி.மீ.க்குள் முடிந்துவிடும். மீதி நேரத்தைக் குன்றிலேயே செலவழியுங்கள். நார்த்தாமலையை இன்னொரு நாளைக்கு வையுங்கள். குகை காலையில் சீக்கிரம் திறக்காது. நான் எட்டு மணிக்கே போய்க் காவலர் வரும்வரை காத்திருந்தேன். அந்த நேரத்தில் ரோட்டோரம் இருக்கும் கல்வட்டங்களைப் பார்க்கலாம். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். பலகைக்கல் நான்கு நிறுத்தி மேலே ஒன்று மூடி, சுற்றி வட்டமாகக் கல். நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பலர் கவனிப்பதே இல்லை.

தண்ணீர் இரண்டு பாட்டில் நிரப்பிக் கிளம்புங்கள். அன்னவாசலில் கடைகள் உண்டு. நடுவில் நீண்ட வெற்றுப் பகுதிகளும் உண்டு. சாயங்காலம் நேரம் இருந்தால் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம் போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள் பற்றி நான் முதல் பதிவில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் குலத் தலைவர் தனக்கும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை இருவருக்குமாக எடுத்த மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். நடுப்பகல் வெயிலில் யாருமில்லாத புல்வெளியில் அந்த வெறும் அடித்தளத்தைச் சுற்றி நடந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, வழி சம்பந்தப்பட்டது. சிலப்பதிகாரத்தில் உறையூர் தாண்டிப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்வான் இல்லையா? கொடும்பைக் குளக்கரையைச் சேர்ந்தால் அங்கிருந்து வழி சிவன் கைச் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்பான். வலப்பக்க வழியில் என்ன மரம், என்ன பயிர், எந்த மலை, இடப்பக்கம் எந்தக் குன்று, நடுவழியில் என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாக அடுக்குவான். நாம் இந்த மன்றத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைத்தான் அவனும் சொல்லியிருக்கிறான். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர். கண்ணகி நடந்த வழியில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

விராலிமலையிலிருந்து திருச்சிக்கு நாலுவழிச்சாலை. அதில் சொல்ல எதுவும் இல்லை, ஓரமாக ஓட்டி வீடு சேர வேண்டியதுதான்.


#9 காவிரிக்கரை

கல்லெழுத்து சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். குடுமியான்மலையில் கோபுரத்துக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்து எடுத்த படம் இருக்கிறது. மேலைக்கோயில் பக்கம் நான் போகவே இல்லை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டமும் ஏறவில்லை. கால் மணி நேரத்தில் அதற்கு இடமில்லை. நேரத்துக்குள் முடிப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் உண்மையானது, அதை விடப் போவதில்லை. ஆனால் வரும் மாசியில் குடுமியான்மலைக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கி வருகிறேன். புதுசா_ஓட்டுறேன், அன்றைக்கு நீங்களும் வருவதானால் உங்கள் வேகத்துக்கே ஓட்டுகிறேன்.


#10 முள்ளும்_பஞ்சரும்

நானும் வருகிறேன். ஒட்டுப் பெட்டி என் பொறுப்பு.


#11 அன்னவாசல்காரி

மாசி என்றால் எனக்கும் சரி. அன்றைக்கு ஊரில்தான் இருப்பேன்.

நேற்று இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிறியநங்கை மண்டபம் கட்டியதைக் கேட்டுவிட்டு அந்தக் குகை எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு எத்தனையோ வருடம் போயிருக்கிறார், மேலமலை ஏறியதே இல்லையாம். முட்டி வலி இருக்கிறது, இப்போது ரொம்ப தூரம் ஓட்ட மாட்டார். ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் திண்ணையில் இருந்த பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின் டயர் காற்று நிற்கவில்லை, வால்டியூப் போயிருக்கிறது. சித்தன்னவாசல் வரைக்கும் நானே முன்னால் ஓட்டி வழி காட்டுகிறேன், அவர்களிடம் சொல் என்கிறார்.

காலை ஆறரைக்கு அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். பச்சை நிறச் சைக்கிள், பார் வைத்தது.